மலைநாட்டில் நடப்பவர் கையடக்க ஜிபிஎஸ் வாங்குமுன் பார்க்கவேண்டிய விபரங்கள்

அப்புத்தளைப் பக்கத்தில் வெளிநாட்டுப் பயணிகளை மலைப்பாதைகளில் அழைத்துச் செல்லும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். பீக்கோ டிரெயில் பாதையிலும் ஓட்டன் சமவெளியிலும் பயன்படுத்துவதற்காக ஒரு கையடக்க ஜிபிஎஸ் கருவியை இணையத்தில் வாங்க அவர் எண்ணியிருக்கிறார். ஏறத்தாழ ஒரே பெயரில் நான்கைந்து கருவிகள் வெவ்வேறு விலைகளில் காணப்படுவதால், அந்த வித்தியாசம் எதற்காக, வன்பொருள் விபரங்களில் எதைப் பார்த்து முடிவெடுப்பது என்பது அவருடைய கேள்வி. தோட்டத்தில் வேலை செய்யும் தன் அண்ணன் அதே கருவியைக் கொண்டு காணி அளக்கலாமா என்றும் கேட்டிருக்கிறார்.

தம்பி, விற்பவர் தரும் விபரப்பட்டியலில் எழுதியிருப்பதை வாசிப்பதற்கு முன்னர், எழுதாமல் விட்டிருப்பது எது என்று தேடுங்கள். இதை நான் பணம் கொடுத்துக் கற்றுக்கொண்டேன். பல வருடங்களுக்கு முன் இணையத்தில் ஒரு கருவியை வாங்கினேன். படத்தில் திசைகாட்டியின் முகம் அழகாகத் தெரிந்தது. கிரிகல்பொத்தை மலையிலிருந்து இறங்கும்போது மூடுபனி சூழ்ந்து, பாதை பிரியும் இடத்தில் நின்று கருவியைப் பார்த்தபோதுதான், நான் நின்ற இடத்தில் சுற்றினாலும் அந்த முள் அசையாது என்பது தெரிந்தது. அதில் காந்தத் திசைகாட்டி இல்லை; நடக்கும்போது மாறும் இருப்பிடத்தைக் கொண்டு திசையைக் கணிக்கும் வசதி மட்டுமே இருந்தது. விற்றவர் பொய் சொல்லவில்லை. திசைகாட்டி உண்டு என்று அவர் எங்கும் எழுதியிருக்கவில்லை. நான்தான் இருப்பதாக எடுத்துக்கொண்டேன்.

ஆகவே முதலில் மாதிரியின் பெயரை, கடைசி எழுத்துவரை, பார்க்க வேண்டும். கார்மின் நிறுவனத்தின் கருவிகளே இணையத்தில் அதிகம் கிடைப்பதால் அவற்றை வைத்தே சொல்கிறேன். ஈட்ரெக்ஸ் 22எக்ஸ், ஈட்ரெக்ஸ் 32எக்ஸ் இரண்டும் 2019இல் வந்தவை. இரண்டுக்கும் ஒரே உடல், ஒரே 2.2 அங்குலத் திரை, ஒரே 8 ஜிபி நினைவகம். ஆனால் சாய்த்துப் பிடித்தாலும் திசை காட்டும் மூன்று அச்சுக் காந்தத் திசைகாட்டியும் காற்றழுத்த உயரமானியும் 32எக்ஸில் மட்டுமே உண்டு. ஜிபிஎஸ்மேப் 65க்கும் 65எஸ்ஸுக்கும் இடையில் உள்ளதும் இதே வேறுபாடுதான்; அந்த ஒற்றை ‘எஸ்’ எழுத்து இரண்டு உணரிகளைக் குறிக்கிறது. விற்பனைப் பக்கங்களில் இந்த எழுத்துக்கள் தலைப்பில் விடுபடுவதும், ஒரே பக்கத்தில் இரண்டு மாதிரிகளைத் தெரிவாகப் போட்டு விலையுயர்ந்ததன் படத்தையே இரண்டுக்கும் வைப்பதும் சாதாரணம். பெட்டியில் அச்சிடப்பட்டுள்ள உற்பத்தி இலக்கத்தை விற்பவரிடம் கேட்டு வாங்கி, அதைத் தயாரிப்பாளரின் சொந்தத் தளத்திலுள்ள விபரத்தாளோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். விபரத்தாளில் ஒரு வசதிக்கு நேரே இடம் வெறுமையாக இருந்தால், அது கருவியில் இல்லை என்றே கொள்ளுங்கள்.

இந்த இரண்டு உணரிகளும் சமநிலத்தில் நடப்பவருக்கு ஆடம்பரமாக இருக்கலாம்; நமக்கு அப்படியல்ல. தேயிலை மலைகளில் ஒரு பாதைக்கும் அதற்கு மேலுள்ள பாதைக்கும் கிடையாகப் பார்த்தால் முப்பது மீட்டர்கூட இராது. நிலைக்குத்தாக இருபது மீட்டர் இருக்கும். எந்தப் பாதையில் நிற்கிறோம் என்பதை உயரமே சொல்லும். செய்மதிகள் எல்லாம் நம் தலைக்கு மேலேயே இருப்பதாலும் பூமிக்குக் கீழிருந்து சமிக்ஞை எதுவும் வராததாலும், செய்மதியைக் கொண்டு கணிக்கும் உயரத்தில் பிழை பொதுவாகக் கிடைத்தளப் பிழையைவிடக் கூடுதலாகவே இருக்கும். காற்றழுத்த உயரமானி சில மீட்டர் ஏற்ற இறக்கத்தையும் உடனுக்குடன் உணரும். ஆனால் அதற்குத் தெரிந்தது மாற்றம் மட்டுமே. ஆரம்ப உயரத்தை நாம்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும். இதற்கு மலைநாட்டு ரயில் பாதை நமக்கு வாய்த்த பெரிய வசதி. நிலையத்துப் பெயர்ப்பலகையில் கடல்மட்டத்திலிருந்து உயரம் எழுதியிருக்கும். நாட்டின் மிக உயர்ந்த நிலையமான பட்டிப்பொல 1,891 மீட்டரில் இருக்கிறது. ஓட்டன் சமவெளிக்கு அந்த வழியாகப் போகிறவர் அங்கே ஒரு நிமிடம் நின்று கருவியைச் சரிசெய்துகொள்ளலாம்.

சரிசெய்த பிறகும் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். பூமத்தியரேகைக்கு அண்மையில் வளிமண்டல அழுத்தம் கடல் அலைபோல நாளுக்கு இருமுறை ஏறி இறங்குகிறது. காலை பத்து மணியளவில் உச்சம், மாலை நான்கு மணியளவில் தாழ்வு. இதனால் மேசைமேல் அசையாமல் கிடக்கும் கருவிகூட மாலையாகும்போது இருபது மீட்டரளவு ‘ஏறியிருப்பதாக’க் காட்டும். கருவி பழுது என்று திருப்பி அனுப்பியவர்களை எனக்குத் தெரியும். செய்மதி உயரத்தைக் கொண்டு இந்த நகர்வைத் தானாகவே திருத்தும் வசதி இருக்கிறதா என்பதையும் விபரத்தாளிலோ பயனர் கையேட்டிலோ பாருங்கள். கையேட்டை வாங்குவதற்கு முன்பே தயாரிப்பாளரின் தளத்திலிருந்து இறக்கி வாசிக்கலாம். விளம்பரம் மறைப்பதைக் கையேடு பெரும்பாலும் சொல்லிவிடும்.

உயரம் பற்றி இன்னொன்று, இது இலங்கையில் பெரிதாகும் சிக்கல். ஜிபிஎஸ் அடிப்படையில் அளப்பது பூமியின் வடிவத்துக்கு ஒத்ததாக வகுக்கப்பட்ட ஒரு கணித நீள்கோளத்திலிருந்து உள்ள உயரத்தை; கடல்மட்டத்திலிருந்து அல்ல. உலகின் பல பகுதிகளில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு இருபது முப்பது மீட்டராக இருக்கும். ஆனால் ஈர்ப்பு விசை குறைவால் கடல்மட்டம் உலகிலேயே மிகத் தாழ்ந்திருக்கும் பகுதி நமக்குத் தெற்கே இந்து சமுத்திரத்தில் இருக்கிறது. அங்கே வேறுபாடு 106 மீட்டர் வரை போகிறது. இலங்கையிலும் அது நூறு மீட்டருக்கு அண்மித்ததே. இந்தத் திருத்தத்தைச் செய்யாத கருவி, 2,524 மீட்டர் உயரமுள்ள பிதுருதலாகலையைச் சுமார் நூறு மீட்டர் குட்டையாகக் காட்டும். பெயர்பெற்ற கருவிகள் திருத்தத்தைத் தாமே செய்துவிடும். பெயர் தெரியாத மலிவான தடப்பதிவுக் கருவிகளிலும் சில கைத்தொலைபேசிச் செயலிகளிலுமே இந்தக் குறை தலைகாட்டும். அப்படியொன்றை வாங்க எண்ணினால், கடல்மட்ட உயரம் காட்டுமா என்று விற்பவரிடம் நேராகக் கேளுங்கள்.

அடுத்தது சமிக்ஞை வாங்கும் திறன். ‘அதி உணர்திறன்’ என்ற சொல்லை இன்று எல்லாரும் எழுதுகிறார்கள். அதனால் எதையும் தெரிந்துகொள்ள முடியாது. பார்க்கவேண்டியவை இரண்டு: எந்தெந்த நாடுகளின் செய்மதித் தொகுதிகள், எத்தனை அலைவரிசைகள். அமெரிக்காவின் ஜிபிஎஸ் தவிர ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டூ ஆகியனவும் நம் வானில் உள்ளன. ஒரு பக்கம் முழுவதும் மலை மறைக்கும் பள்ளத்தாக்கில் தெரியும் வானம் பாதிதான். அந்தப் பாதியில் எத்தனை செய்மதிகள் அகப்படுகின்றன என்பதில்தான் பல தொகுதிகளின் பயன் இருக்கிறது. ஜப்பானின் கியூஇசட்எஸ்எஸ் பட்டியலில் இருந்தாலும் நமக்குப் பெரிய உதவியில்லை.

அலைவரிசை இதைவிட முக்கியம். பழைய கருவிகள் 1575.42 மெகாஹெர்ட்ஸில் வரும் எல்1 சமிக்ஞையை மட்டும் வாங்குகின்றன. ஜிபிஎஸ்மேப் 65, 65எஸ் போன்றவை 1176.45 மெகாஹெர்ட்ஸில் வரும் எல்5 சமிக்ஞையையும் வாங்குகின்றன. பாறைச்சுவரில் மோதித் திரும்பிவரும் எதிரொலிச் சமிக்ஞையை நேர்ச் சமிக்ஞையிலிருந்து பிரித்தறிய எல்5 பெரிதும் உதவுகிறது. ஏனெனில் அதில் அனுப்பப்படும் குறியீடு எல்1இன் பொதுக் குறியீட்டைவிடப் பத்து மடங்கு வேகமானது. நாம் காந்தப் பூமத்தியரேகைக்கு அருகில் இருப்பதால், சூரியன் மறைந்த பின், மேல்வளியின் மின்னூட்டம் பெற்ற அடுக்கான அயனமண்டலம் கலங்கிச் சமிக்ஞையைத் தாமதப்படுத்துவதும் இங்கே அதிகம். இரண்டு அலைவரிசைகளை ஒப்பிடும் கருவியால் அந்தத் தாமதத்தைக் கணித்துக் கழிக்க முடியும். பள்ளத்தாக்குகளிலும் டர்பன்டைன் என்று நாம் சொல்லும் யூக்கலிப்டஸ் தோப்புகளிலும் நடப்பவர் இந்த ஒன்றுக்காகக் கூடுதல் பணம் கொடுப்பது வீண் செலவல்ல என்பது என் கருத்து.

பெட்டியில் ‘வாஸ்’ என்று பெரிதாகப் போட்டிருந்தால் மயங்கவேண்டாம். அது இருப்பிடப் பிழையைக் குறைக்கும், வட அமெரிக்காவுக்கான திருத்தச் சேவை. நம் வானில் கிடைப்பது இந்தியாவின் ககன். கருவி அதை ஏற்குமா என்பதே கேள்வி. அன்டெனாவின் வகையையும் பாருங்கள். ஜிபிஎஸ்மேப் வரிசையில் தலைக்கு மேல் கட்டைவிரல்போல நீட்டிக்கொண்டிருப்பது சுருள் அன்டெனா. கருவியை நிமிர்த்திப் பிடிக்கும்போது அது நன்றாக வாங்கும், பையின் தோள்பட்டையில் செங்குத்தாகக் கொழுவிவைக்க ஏற்றது. ஈட்ரெக்ஸில் உள்ளே இருப்பது தட்டை அன்டெனா. அதன் முகம் வானத்தைப் பார்க்க வேண்டும். திரையில் தோன்றும் ‘பிழை 3 மீட்டர்’ என்பது கருவியின் சொந்த மதிப்பீடு மட்டுமே என்பதையும் பயணிகளுக்குச் சொல்லிவையுங்கள்.

மின்வலு விடயத்தில் நான் பழைமைவாதி. பென் டோர்ச் பற்றரி என்று கடையில் கேட்டு வாங்கும் ஏஏ அளவுப் பற்றரி இரண்டு போடும் கருவியையே மலைக்கு விரும்புகிறேன், ஏனென்றால் அது எந்தத் தோட்டத்துக் கடையிலும் கிடைக்கும். ஈட்ரெக்ஸ் 32எக்ஸுக்கு 25 மணித்தியாலம் என்று எழுதியிருப்பார்கள். திரையின் ஒளியைக் கூட்டி, அடிக்கடி வரைபடத்தைப் பார்த்து நடக்கும்போது அந்தக் கணக்கு நிற்காது. மலிவான சாதாரணப் பற்றரியைப் போட்டால் நிலைமை இன்னும் மோசம். மீள்மின்னேற்றும் நிக்கல் வகைப் பற்றரிகள் 1.5 வோல்ட்டுக்குப் பதில் 1.2 வோல்ட் தருவன. கருவியின் அமைப்பில் பற்றரி வகையை மாற்றிவைக்காவிட்டால் பாதி மீதமிருக்கும்போதே தீர்ந்துவிட்டதாகக் காட்டும். பற்றரி மாற்றியதும் திசைகாட்டியை மறுபடி சரிசெய்வது நல்லது. உள்ளமைந்த லித்தியம் பற்றரியுள்ள புதிய கருவிகள் நெடுநேரம் உழைக்கின்றன. ஜிபிஎஸ்மேப் 67க்கு 180 மணித்தியாலம் என்று தயாரிப்பாளர் சொல்கிறார். ஆனால் சில வருடங்களில் அந்தப் பற்றரி தளர்ந்தால் அதை மாற்றித் தருபவர் ஹட்டனிலோ பண்டாரவளையிலோ இருக்கிறாரா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

நீர்காப்புத் தரமாக எழுதியிருக்கும் ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீட்டர் ஆழ நீரில் முப்பது நிமிடம் தாக்குப்பிடிக்கும் என்று பொருள். நம் மழைக்கு அது போதும், யூஎஸ்பி துளையின் ரப்பர் மூடி சரியாகப் பொருந்தியிருக்கும்வரை. பாவித்த கருவியில் முதலில் கெடுவது அந்த மூடிதான். தொடுதிரை வேண்டாம். தென்மேற்குப் பருவ மழையில் திரையில் விழும் ஒவ்வொரு துளியும் ஒரு விரல்தான்; காலில் ஏறும் அட்டையைத் தட்டிய கையோடு பொத்தானை அழுத்துவது எவ்வளவோ எளிது.

வரைபடத்தில்தான் வாங்குபவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். ‘வரைபடங்கள் உள்ளடங்கியது’ என்ற வரிக்குப் பின் எந்தப் பிராந்தியம் என்று கேளுங்கள். ஐரோப்பாவுக்கென விற்கப்படும் கருவியில் ஐரோப்பாவின் வரைபடமே இருக்கும்; நக்கிள்ஸ் மலைத்தொடர் அதில் வெற்றுப் பரப்பாகவே தோன்றும். இது பெரிய குறையல்ல. பலரும் சேர்ந்து உருவாக்கும் இலவச உலக வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் தரவிலிருந்து கார்மின் வடிவத்தில் செய்த இலங்கை வரைபடத்தை இலவசமாக இறக்கி நினைவட்டையில் போடலாம். அதற்கு மைக்ரோஎஸ்டி அட்டைக்கு இடமிருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. ஈட்ரெக்ஸ் 22எக்ஸ், 32எக்ஸில் இடமுண்டு. 2023இல் வந்த ஈட்ரெக்ஸ் எஸ்இயில் இல்லை, அது பற்றரியில் பல நாள் உழைத்தாலும் முழு வரைபடக் கருவியல்ல. நடந்த தடத்தில் எத்தனை புள்ளிகள் சேமிக்கலாம் என்பதையும் பாருங்கள். 10,000 புள்ளிகள் என்றால், பத்து விநாடிக்கு ஒரு புள்ளி வீதம் ஏறத்தாழ 28 மணித்தியால நடை. 300 கிலோமீட்டருக்கு மேல் 22 கட்டங்களாக நீளும் பீக்கோ டிரெயிலை ஒரே தடமாகப் பதிய எண்ணினால் அது போதாது. நாளுக்கொரு தடமாகப் பிரித்துச் சேமியுங்கள்.

நில அளவைத் திணைக்களத்தின் தாள் வரைபடங்களையும் சேர்த்துப் பயன்படுத்துவதாக இருந்தால், கருவி கந்தவல ஆதாரத்தை, அதாவது அந்தத் தாள்களில் இடங்களைக் கணிக்க அடிப்படையாகக் கொண்ட அளவை முறையை, ஏற்குமா என்று கையேட்டின் பட்டியலில் பாருங்கள். நீர்கொழும்புக்கு அருகிலுள்ள கந்தவலையின் பெயரால் அமைந்த அந்த ஆதாரத்துக்கும், ஜிபிஎஸ் இயல்பாகப் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84க்கும் இடையில் நம் நாட்டில் இருநூறு மீட்டரளவு கிழக்கு மேற்கு விலகல் உண்டு. கருவியில் ஒன்றும் தாளில் இன்னொன்றுமாக இருந்தால் நீங்கள் அடுத்த மலையில் நிற்பதாகத் தெரியும். தாளில் இடத்தைக் குறிக்க உதவும் கட்டக்கோடுகளான தேசிய வலைச்சட்டம் பிதுருதலாகலையை அண்டிய புள்ளியை மையமாகக் கொண்டது. பழைய தாள்களில் அந்த மையத்துக்கு ஆள்கூறாக 200,000 மீட்டரும், 1999ஆம் ஆண்டின் புதிய முறையில் 500,000 மீட்டரும் கொடுக்கப்பட்டுள்ளன. இந்த எண்களை நாமே இடக்கூடிய ‘பயனர் வலைச்சட்டம்’ என்ற வசதி கருவியில் இருக்க வேண்டும்.

பாவித்த கருவி மலிவாகக் கிடைத்தால் திரையில் திகதியைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஜிபிஎஸ் வாரக்கணக்கு 1,024 வாரங்களுக்கு ஒருமுறை பூச்சியத்துக்குத் திரும்புகிறது. கடைசியாக 2019 ஏப்ரலில் திரும்பியது. மென்பொருள் புதுப்பிக்கப்படாத பழைய கருவிகள் ஏறத்தாழ இருபது வருடம் பின்தங்கிய திகதியைக் காட்டும். இருப்பிடம் சரியாக இருந்தாலும் தடப்பதிவின் நாள் பிழைக்கும்.

செய்மதி வழியாகச் செய்தி அனுப்பும் இன்ரீச் வகைக் கருவியை, உதாரணமாக ஜிபிஎஸ்மேப் 66ஐயை, வாங்க எண்ணினால் அது வேறு விடயம். அது சமிக்ஞையை வாங்குவதோடு தானே அலைபரப்பவும் செய்கிறது. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடமும் சுங்கத்திடமும் முதலில் கேட்டறியாமல் பணம் கட்டவேண்டாம். அதைப் பையில் போட்டுக்கொண்டு சென்னைக்கோ திருச்சிக்கோ போய்விடவும் வேண்டாம். அனுமதியில்லாத செய்மதித் தொடர்புக் கருவிகளுக்கு இந்தியாவில் தடை இருக்கிறது. தெரியாமல் கொண்டுபோன பயணிகள் விமான நிலையங்களில் தடுத்துவைக்கப்பட்டிருக்கிறார்கள்.

உங்கள் வேலைக்கு, பணம் இடங்கொடுத்தால் ஜிபிஎஸ்மேப் 65எஸ். இல்லையென்றால் ஈட்ரெக்ஸ் 32எக்ஸ். 22எக்ஸை விலை குறைவு என்பதற்காக எடுக்காதீர்கள்; என் கதை உங்களுக்கும் நேரும். வந்து சேர்ந்த அன்று, வெளிநாட்டிலிருந்து வந்த கருவி நம் வானத்தைப் புதிதாகத் தேடவேண்டியிருப்பதால், தோட்டத் தொழிலாளர் வேலைக்குக் கூடும் பெரட்டுக்களம் போன்ற திறந்த இடத்தில் இருபது நிமிடம் அசைக்காமல் வையுங்கள். செய்மதிகளின் முழு அட்டவணையைப் பெறவே பன்னிரண்டரை நிமிடம் பிடிக்கும். பின்னர் நின்ற இடத்திலேயே சுற்றித் திசைகாட்டி முள் திரும்புகிறதா என்று பாருங்கள். திருப்பியனுப்பும் காலக்கெடு முடியுமுன் இதைச் செய்துவிடுங்கள்.

உங்கள் அண்ணனின் கேள்விக்கு வருகிறேன். ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர் தேயிலை மலையொன்றைச் சுற்றி நடந்து, கவ்வாத்துக்கோ உரத்துக்கோ பரப்பளவை மட்டாக அறிய இந்தக் கருவி போதும். ஆனால் அவர் மனதில் இருப்பது லயக் குடியிருப்புக்குப் பதிலாக வீடு கட்டக் கொடுக்கப்பட்ட 7 பேர்ச்சஸ் காணியாக இருந்தால் இது உதவாது. 7 பேர்ச்சஸ் என்பது சுமார் 177 சதுர மீட்டர். சதுரமாக இருந்தால் பக்கமொன்று பதின்மூன்று மீட்டர் சொச்சம். ஒவ்வொரு மூலையிலும் மூன்று மீட்டர் பிழைவிடும் கருவியால் அதை அளந்தால், காலையில் ஐந்து பேர்ச்சஸும் மாலையில் ஒன்பது பேர்ச்சஸும் வரும். அந்த எண்ணைக் காட்டி எல்லைக்கல் நட்டால் பக்கத்து வீட்டாரோடு சண்டைதான் மிஞ்சும். அந்த வேலைக்கு உரிமம் பெற்ற நில அளவையாளரை அழைக்கச் சொல்லுங்கள்.